உள்ளூரா, வெளியூரா?

பிப்ரவரி 9, திங்கள்

நாத்தனார் வந்து இறங்கிவிட்டாள். மூன்று பெட்டி, ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு குடை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவள் பட்டப்பகலில்தான் பிடித்தாள், அந்த மட்டும் நல்லது.

எங்கள் படகுத்துறையில் வந்தாலும் சீட்டு, போனாலும் சீட்டு. உள்ளூர்க்காரருக்கு வெள்ளை, வெளியூர்க்காரருக்கு மஞ்சள். மஞ்சளுக்கு நாலு மடங்கு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யார் நின்றாலும் "உள்ளூரா, வெளியூரா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிழிப்பேன். கட்டின புருஷனையே கேட்பேன். இந்தக் கவுண்டரில் உட்கார்ந்த நாளிலிருந்து கேட்காமல் ஒரு சீட்டுக் கிழித்ததில்லை. இவளையும் கேட்டேன்.

"என்னையா கேக்குற? நான் இந்த மண்ணுலயே பொறந்தவ."

"பொறந்தத கேக்கல அண்ணி. இருக்குறத கேக்குறேன்."

மஞ்சளைக் கிழித்துக் கொடுத்தேன். முகம் செத்துப் போயிற்று. பின்னால் நின்ற ஐஸ் கடைக்காரர் சிரித்தது அவள் காதில் விழுந்திருக்கும். விழட்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

"எங்க ஊர்ல... எங்க ஊர்ல..." காலை டீயிலிருந்து இதே பாட்டு. எங்க ஊர் என்றால் இந்தத் தீவு இல்லை. இருபத்திரண்டு வருடமாக அவள் குப்பை கொட்டும் அந்தப் பெரிய நாடு. எத்தனை "எங்க ஊர்ல" என்று மகள் விரல் விட்டு எண்ணினாள். பத்து விரல் பத்தவில்லை. இனி அவள் பெயர் எங்கூரம்மா.

பிப்ரவரி 12, வியாழன்

எங்கூரம்மா இன்று பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். வந்து சொன்னாள்: "எங்க ஊர்ல ரயிலு ஒரு நிமிஷம் பிந்தினா மைக்குல மன்னிப்புக் கேப்பான்."

இங்கே டிரைவர் குளித்துவிட்டு வந்தால்தான் பஸ். மன்னிப்புக் கேட்க மைக்கும் கிடையாது, கேட்கிற எண்ணமும் கிடையாது. இந்த ஊரின் லட்சணம் எனக்குத் தெரியாதா? மொத்தத் தீவுக்கும் ஒரே ஒரு சிக்னல் விளக்கு. திறப்பு விழா அன்று எரிந்தது, மறுநாளே உப்புக்காற்றில் போயிற்று, இப்போது அதில் காக்காய் குடித்தனம் நடத்துகிறது. பூட்டும் துருப்பிடிக்கும், சாவியும் துருப்பிடிக்கும். பூட்டாமல் போனாலும் திருட்டு இல்லை. யோக்கியர்கள் என்பதால் இல்லை. திருடினதைத் தூக்கிக்கொண்டு என் கவுண்டரைத் தாண்டித்தானே போக வேண்டும்! இதையெல்லாம் சொல்ல எனக்கு உரிமை உண்டு, நான் இங்கே கிடந்து சாகிறவள். இவளுக்கு என்ன?

சரி, அங்கே என்ன கிழிக்கிறாளாம்? ஃபிரிட்ஜ் தொழிற்சாலை. இந்தத் தீவையே தூக்கி உள்ளே வைத்துப் பூட்டலாமாம், அத்தனை பெரிசாம். அதில் இவள் வேலை, ஃபிரிட்ஜ் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுவது. கதவு வரும், ஒட்டுவாள், கதவு போகும்.

"அப்ப ஃபிரிட்ஜ் எங்க அண்ணி முழுசாகும்?"

"அது வேற கட்டடம். நாங்கள்லாம் அங்க போனதில்ல."

இருபத்திரண்டு வருடமாக ஃபிரிட்ஜ் செய்கிறவள் ஒரு ஃபிரிட்ஜ் முழுசாவதைப் பார்த்ததில்லை! சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் ஓடினேன். என் வீட்டுக்காரரும் ஃபிரிட்ஜ் மெக்கானிக்தான். இவரும் மகளுமாக வாசலில் உட்கார்ந்து, மூன்று செத்த ஃபிரிட்ஜின் குடலை உருவி ஒன்றை எழுப்பிவிடுவார்கள். எழுந்தது ஆறு மாதத்தில் மறுபடி சாகும், அது வேறு விஷயம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இதற்குத்தானா மூன்று பெட்டி!

மதியச் சாப்பாட்டில் குண்டைப் போட்டாள். தொழிற்சாலைக்குச் சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி இருக்கிறதாம். வேலை செய்கிறவர்களின் உறவுப் பிள்ளைகளுக்கு இடம் உண்டாம். மூன்று வருடப் படிப்பு, பிறகு அங்கேயே வேலை. என் மகளைக் கூட்டிப் போகிறாளாம்.

"புள்ளைக்குக் கை நல்லா ஓடுது. இங்க வச்சுத் துருப்பிடிக்க விடப்போறியா?" என்றாள்.

இவரைப் பார்த்தேன். "ஆமா" என்றார். யாருக்கு ஆமா? அக்கா சொன்னாலும் ஆமா, நான் சொன்னாலும் ஆமா. பூம்பூம் மாட்டுக்குத்தான் வாக்கப்பட்டிருக்கிறேன்.

மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. முன்னாடியே தெரியும்! என்னைத் தவிர இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்படியென்றால் அத்தையைக் கேலி செய்து விரல் விட்டு எண்ணினதெல்லாம் — என் வாயை அடைக்கவா?

பிப்ரவரி 16, திங்கள்

வீட்டில் யாரோடும் பேசவில்லை. அந்தக் கோபத்தில் துறையில் மஞ்சள் சீட்டு நிறையப் போயிற்று.

பிப்ரவரி 20, வெள்ளி

கடைசியில் நான்தான் மகளிடம் ஆரம்பித்தேன்.

"அப்படி என்னடி இருக்கு அந்த ஊர்ல? பக்கத்து வீட்டுக்காரன் செத்தா நாத்தம் வந்தாத்தான் தெரியுமாம், உங்க அத்தையே சொன்னா."

"இங்க நான் தும்மினா மூணு தெரு தள்ளியிருந்து மாத்திரை கொண்டு வர்றாங்க. அது மட்டும் நல்லாவா இருக்கு?"

"தும்மாத."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இந்தத் தீவ ஒரு மணி நேரத்துல சுத்திரலாம்மா. அப்புறம் என்ன? திரும்பவும் சுத்தணும்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "போ! போய் உங்க அத்தை மாதிரி ரப்பர் ஒட்டு. சாகுற வரைக்கும் ஒட்டு" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்? பயம், வேற என்ன. அவ போயிட்டா இந்த வீட்டுல யாரோட சண்டை போடுவேன்? இவரோடயா? அதுக்குச் சுவரோட போடலாம், எதிரொலியாவது வரும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வருடத்துக்கு ஒரு தடவை வாயைத் திறக்கிற மனுஷன் இன்று திறந்தார். கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "நீ சரின்னு சொல்லலன்னா அவ போகமாட்டா. ஆனா இங்கயும் இருக்கமாட்டா."

அவ்வளவுதான். மறுபடி ஸ்பேனர்.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். சாயங்காலம் மகள் அறை வாசலில் நின்று, "போகட்டும்" என்று கதவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

லீவு போடவில்லை. போட்டால் துறையில் நின்று அழ வேண்டும். கவுண்டருக்குள் இருந்தால் நடுவில் ஜன்னல் கம்பியாவது இருக்கும்.

எங்கூரம்மா குடையோடு வந்து நின்றாள். நான் கேட்பதற்குள், "வெளியூர், ரெண்டு" என்றாள்.

"ஒண்ணு வெளியூர். இன்னொண்ண அவளே சொல்லட்டும்."

"இனிமே அவளும் அங்கதானே—"

"அவளே சொல்லட்டும் அண்ணி."

மகள் ஜன்னலுக்கு வந்தாள். "உள்ளூரா, வெளியூரா?" என்று கேட்டேன்.

"உள்ளூரும்மா" என்றாள். 

வெள்ளைச் சீட்டைக் கிழித்தேன். நேராகக் கிழியவில்லை.

மார்ச் 7, சனி

இவர் காலையில் மறந்துபோய் மூன்று டம்ளர் டீ போட்டார். மூன்றாவதை அவரும் கொட்டவில்லை, நானும் கொட்டவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

மகள் போன். வாரம் தவறாமல் பேசுகிறாள், ஆனால் இன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது.

"ஜன்னலத் திறந்தா அடுத்த கட்டடத்து ஜன்னல்மா. வானம் எப்பவும் கழுவாத பாத்திரம் மாதிரியே இருக்கு. ரயில்ல அவ்ளோ கூட்டம், ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கமாட்டாங்க."

எனக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது. பெற்றவள் சந்தோஷப்படக் கூடாத சங்கதி. சந்தோஷப்பட்டேன். சொன்னேனா இல்லையா? ஒரு நிமிஷம் பிந்தினதுக்கு மன்னிப்புக் கேட்பானாம், மனுஷனை மனுஷன் பார்க்காததுக்கு எந்த மைக்கில் கேட்பான்?

அப்புறம் சொன்னாள்: "அம்மா, அத்தை இங்க என்ன பண்ணுது தெரியுமா? வாயத் திறந்தா 'எங்க ஊர்ல'தான். ஆனா இங்க நம்ம தீவச் சொல்லுது! எங்க ஊர்ல கதவ பூட்டமாட்டோம், எங்க ஊர்ல டிரைவரு பஸ்ஸ நிறுத்தி நலம் விசாரிப்பாருன்னு ஒரே பீத்தல். வேலையிடத்துல எல்லாரும் ஓடி ஒளியுறாங்க. நீ குடுத்த மஞ்சச் சீட்ட வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கு. வர்றவங்ககிட்டல்லாம் காட்டுது, 'இது எங்க ஊருப் படகுச் சீட்டு'ன்னு."

இங்கே வந்து அந்த ஊர்ப் பெருமை, அங்கே போய் இந்த ஊர்ப் பெருமை! இக்கரைக்கு அக்கரை பச்சை. எந்தக் கரையில் விட்டாலும் இவளுக்கு வாய் மட்டும் வற்றாது.

ஆனாலும் அந்தச் சீட்டு. மஞ்சள் என்றால் வெளியூர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

ஜூலை 14, செவ்வாய்

காற்று. படகு இல்லை. கரண்டும் இல்லை, கடையில் காய்கறியும் இல்லை. மாட்டிக்கொண்ட வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் கடலைப் பார்த்து, "என்ன ஒரு அமைதி!" என்கிறார்கள். சுடுகாடும் அமைதியாகத்தான் இருக்கும், போய் அங்கே ரூம் எடுங்கள்.

வேலை இல்லாததால் நடந்தே தீவைப் பாதி சுற்றினேன். மீதியைச் சுற்றத் தோன்றவில்லை. அங்கே என்ன இருக்கும் என்றுதான் தெரியுமே. மகள் அன்றைக்குச் சொன்னது சரிதான். இதை இந்த டைரிப் பக்கத்தைத் தவிர வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 4, ஞாயிறு

"ஃபிரிட்ஜ் முழுசாகுற அந்த இன்னொரு கட்டடத்துக்குப் போனேன்மா. இனிமே எனக்கு அங்கதான் பயிற்சி. உறவுக்காரங்களக் காட்டலாம்னாங்க, அத்தையையும் கூட்டிட்டுப் போனேன்."

"என்ன சொன்னா எங்கூரம்மா?"

"முடிஞ்ச ஃபிரிட்ஜ் ஒண்ணு நின்னுச்சு. அத்தை அது கதவத் திறந்து மூடிப் பாத்துச்சு. திரும்பத் திறந்து, திரும்ப மூடி... நான்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

என்ன சொல்லித் திட்டலாம் என்று பார்த்தேன். கடைசியில், அவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று கேட்டுவைத்தேன்.

டிசம்பர் 21, திங்கள்

வந்துட்டா! தொழிற்சாலைக்கு வருடக் கடைசி விடுமுறை. ஜன்னலில் அவள் முகம். இளைத்திருக்கிறாள், கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாள், அது இருக்கட்டும். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "உள்ளூரா, வெளியூரா?" என்றேன்.

"உள்ளூர்! என்னம்மா கேள்வி இது?"

வரிசை மொத்தமும் சிரித்தது. ஐஸ் கடைக்காரர் கைதட்டினார். எங்கூரம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம். பாவம் என்று எழுதப் பார்த்தேன். எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

டிசம்பர் 27, ஞாயிறு

மூன்று பேருமாக பஸ்ஸுக்கு நின்றோம். டிரைவர் இன்னும் குளித்து முடிக்கவில்லை. மகள் கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல இந்நேரம் மூணு பஸ் போயிருக்கும்மா."

சொன்னது அவளுக்கே தெரியவில்லை. பேச்சு அதுபாட்டுக்கு வேறெங்கோ போய்விட்டது. இவர் என்னைப் பார்த்தார். நான் பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 30, புதன்

இன்று மூன்று தடவை. நான்தான் எண்ணினேன்.

ஜனவரி 3, ஞாயிறு

விடுமுறை முடிந்தது. வரிசையில் நின்று வந்தாள் மகள், எல்லாரையும் போல. ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு என் கேள்விக்காகக் காத்திருந்தாள். உதட்டில் சிரிப்புக்கூடத் தயாராக இருந்தது.

நான் கேட்கவில்லை.

வெள்ளையில் இரண்டு கிழித்தேன். "ஒண்ணு உங்க அத்தைக்கு. ஃபிரிட்ஜ்ல இருக்குற மஞ்சளப் பிச்சுப் போட்டுட்டு இத ஒட்டச் சொல்லு. பீத்திக்கிறதுதான் பீத்திக்கிறா, ஒழுங்கான சீட்ட வச்சுப் பீத்தட்டும்."

"அம்மா, என்னக் கேக்கவே இல்லையே?"

"பின்னாடி ஆளு நிக்கிறாங்க. நகரு."

நகர்ந்தாள். இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

அடுத்து நின்றவர் பணத்தை நீட்டினார். அவரைக் கேட்க வேண்டும், வாயைத் திறந்தேன், அந்தக் கேள்வி வரவில்லை. வெள்ளைச் சீட்டையும் மஞ்சள் சீட்டையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.