சூப்பர்வைசரின் தாகம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று நான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் பிரிவுக்கு வந்த புது நோயாளி, ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குச் சூப்பர்வைசராக இருந்தவன். "தண்ணி குடிச்சா பாத்ரூம் ஓடுவீங்க, வேல கெட்டுடும்" என்று எங்கள் பாட்டில்களைப் பூட்டி வைத்தவன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

கையிலும் காலிலும் சென்சார் பட்டை ஒட்டி, உடம்பிலுள்ள நீரை மெஷினில் அளந்தேன். மூன்று லிட்டர் ஜாஸ்தி.

"நாக்கு வறளுதும்மா, ஒரு வாய் தண்ணி குடு."

"குடிச்சா மூச்சு முட்டும் சார்."

அது உண்மைதான். ஆனால் தாகம் என்பவர்களுக்கு நாக்கில் வைக்க ஒரு ஐஸ் துண்டு கொடுப்பது எங்கள் வழக்கம். அவனுக்குக் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை மறுபடி வருவான். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஐஸ் கொடுப்பேன். அவனும் கேட்டால், "வேல கெட்டுடும் சார்" என்பேன். அப்போதாவது என் முகம் ஞாபகம் வரட்டும்.