சபுரா திரும்பப் பெற்ற ஆய்வேடு

அறிந்தவையும் அறியாதவையும் தன் அறிவுக்குள் அடங்கிய ஏக இறைவனைப் போற்றி இதைத் தொடங்குகிறேன்.

பேரன்பிற்குரிய வரதராஜன் அண்ணா,

நீங்கள் மறைந்தபின் கிருஷ்ணகிரியில் என்னோடு கணக்கைப் பற்றிப் பேச ஆளில்லை. இறைவசனத்துக்கும் பழம்பாட்டுக்கும் பொருள் கேட்டு வருவோர் உண்டு. என் மகள் சபுரா பெங்களூரில் என்ன ஆராய்கிறாள் என்று கேட்போர் இல்லை. கல்லூரியில் அவளுக்குக் கணிதம் கற்பித்து, அந்த ஆராய்ச்சிக்கு அனுப்பும்படி என்னிடம் வாதாடியவர் நீங்கள். ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன்.

ஆய்வேடு தட்டச்சாகி, வழிகாட்டும் பேராசிரியரின் கையொப்பத்துக்கும் போய்விட்டது. அது முடிந்ததும் திருமணம் என்று ஓசூரில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லியிருந்தேன். ஒரு வகைப் புதிரைத் தீர்க்க எந்தக் கணினிக்கும் இன்ன அளவு நினைவிடம் வேண்டும், அதற்குக் குறைந்தால் ஒருபோதும் ஆகாது என்பதே அவள் நிரூபணம்.

சென்ற வாரம் எழுத்துப்பிழை பார்க்க அமர்ந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். கணினி தன் நினைவிடத்தில் ஒரு விவரத்தை எழுதி, அழித்து, அதே இடத்தில் மற்றொன்றை எழுதலாம். அந்த ஓரிடத்தை அவள் இரண்டு இடங்களாக எண்ணியிருக்கிறாள். மற்ற அத்தியாயங்களெல்லாம் அந்த வரியின்மேல்தான் நிற்கின்றன. பேராசிரியரே கவனிக்கவில்லை, வேறு யார் கவனிக்கப் போகிறார்கள் என்று உடன்பயில்வோர் சொன்னார்களாம். அவளோ தானே போய் அவரிடம் காட்டி, ஏட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

மத்தூரிலிருந்து வந்திருந்த என் தங்கை விடவில்லை. "கம்ப்யூட்டரத் தொடாமயே கம்ப்யூட்டர் படிப்பாம். ஓசூர்ல அத்தன கம்பெனி இருக்குது. ஒண்ணுல போயி உக்காந்திருந்தா இந்நேரம் இடுப்புல புள்ள இருக்கும்."

"பென்சிலத் தொடுறனே மாமி," என்றாள் சபுரா.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அத்தா, தப்புன்னு தெரிஞ்சபெறகு அதுல என் பேரப் போட முடியாது. இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ஓட்டையப் பாத்தா, கம்மி எடத்துலயே அந்தப் புதிரு முடிஞ்சிரும்போலத் தோணுது. அப்படின்னா இத்தன வருஷமா நான் சொன்னதே தலைகீழு. அத என்னன்னு பாக்காம எப்படி விடுறது?"

களைத்திருக்கிறேன், அண்ணா. தொழுகையில் முழங்கால் மடங்க மறுக்கிறது. அவளை மணக்கோலத்தில் காணும்வரை இருப்பேனா, தெரியவில்லை. இல்லை என்று நிறுவ முனைந்த ஒன்று, உண்டு என்று தெரியவருவது தோல்வியா, அருளா? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இன்று காலை ஓசூருக்குப் போனேன். மாப்பிள்ளையின் தந்தை தேநீர் தந்து, நடந்ததைப் பொறுமையாகவே கேட்டார். "எப்ப முடியும்ணே?" என்றார். அது அவளுக்கே தெரியாது என்றேன். காலித் தம்ளர்களை எடுத்துத் தட்டில் வைத்தார். "அப்ப நாங்க வேற எடம் பாத்துக்கறோம். மனசுல வச்சுக்காதீங்க," என்றார்.

வீடு திரும்பியபோது அவள் புதுத் தாளெடுத்து எழுதிக்கொண்டிருந்தாள். ஓசூரில் நடந்ததைச் சொன்னேன். தலை குனிந்து கேட்டாள்; சற்றுநேரம் அழுதாள்; பென்சிலை மட்டும் கீழே வைக்கவில்லை.

நாளை நானே அவளைப் பெங்களூர் பேருந்தில் ஏற்றிவிடுவேன். எப்போது முடியும் என்று என் வாய் இனி அவளைக் கேட்காது. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இதை வாசிப்போர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் இறைவன் நலமும் மன அமைதியும் அருள்வானாக.

உங்கள் உடன்பிறவாத் தம்பி,
காதர் மொகிதீன்