ஐஸில் அடுக்கிய நாவல்பழம்

காலையில் இறால் பெட்டியைக் கழுவினேன். தெர்மாக்கோல் பெட்டியின் அடியில், தண்ணீர் வடிகிற ஓட்டையைச் சுற்றி அந்த ஊதாக் கறை இன்னும் இருக்கிறது. சோப்புப் போட்டேன், சாம்பல் போட்டேன், எலுமிச்சம்பழமும் தேய்த்தேன். போகவில்லை. நீ இருந்தால் என்ன போட வேண்டும் என்று சொல்லியிருப்பாய். அதற்கு முன்னால் அரை மணி நேரம் திட்டியிருப்பாய்.

எத்தனை நாள்தான் தள்ளுவது, சொல்லிவிடுகிறேன். என் வீட்டு ஃப்ரீசரில் நீ வைத்துவிட்டுப் போன நாவல்பழத்தை நான் கெடுத்துவிட்டேன்.

ஆடி மாதம் வைத்தாய். திருப்பாலைவனத்திலிருந்து ஒரு கூடை கொண்டுவந்து, கொட்டையெடுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, கல்லாக உறைந்த பிறகு கவரில் போட்டுக் கட்டினாய். பட்டணத்து ஓட்டலில் கேக் போட்ட காலத்தில் வெளிநாட்டுப் பழங்களை அப்படித்தான் வைப்பீர்களாம். கவர்மேல் கறுப்பு மையில் எழுதினாய்: "டேய், பிரிக்காதே."

"உம் பொண்ணு நிச்சயத்துக்கு இதுலதான் கேக்கு மச்சான்."

"உருக வச்சுப் போட்டா இன்னா?"

"இறாலா இது? உருகுச்சுன்னா சாறு மொத்தம் வெளிய வந்துடும், மாவு ஏரிச் சேறு கலராயிடும். கல்லு மாதிரி இருக்கசொல்லோ மைதாவுல பொரட்டி, கடைசியாப் போட்டு ரெண்டு சுத்து. நேரா அடுப்புதான்."

"இருவத்தஞ்சு வருசமா இறாலுக்கு ஐஸ் அடுக்குறவன்கிட்ட பேசுற நீ."

"உன் ஐஸ் வேற, இந்த ஐஸ் வேறடா."

நான் சிரித்தேன். புரட்டாசியில் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை.

நிச்சயத்தைத் தள்ளிவைக்கலாம் என்றால் மாப்பிள்ளை வீட்டில் நாள் குறித்தாகிவிட்டது. என் பெண் ஒன்றுதான் கேட்டாள். "மாமாவோட கேக்கு மட்டும் இருக்கணும் நைனா. வேற ஒண்ணும் வேணாம்." உன் வீட்டுக்காரி கேக் போட ஒப்புக்கொண்டது. "பழத்த உருகாம கொண்டாந்து குடுத்துடுங்கண்ணே, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றது. ஆக, எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. ஒன்றும் செய்யாமல் இருப்பது.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது புயல் வந்து கரண்டு போனது. மறுநாள் காலையில் ஃப்ரீசர் சொட்டிக்கொண்டிருந்தது. கவரை அமுக்கிப் பார்த்தேன், ஓரத்தில் விரல் உள்ளே போனது. மழையில் ஓடி ஒரு பார் ஐஸ் வாங்கிவந்து உடைத்தேன். கவரோடு புதைத்திருந்தாலாவது கொஞ்சம் தப்பித்திருக்கும். ஆனால் தொழில் தெரிந்தவனாயிற்றே நான். இறாலைக் கவரில் கட்டி ஐஸில் வைத்தால் நடுவில் சூடு நிற்கும், ஐஸ் உடம்பில் பட வேண்டும். கத்தரிக்கோலை எடுத்தேன். 'டேய்' ஒரு பக்கம், 'பிரிக்காதே' ஒரு பக்கம். இறால் பெட்டியில் ஐஸ் ஒரு வரிசை, பழம் ஒரு வரிசை என்று அழகாக அடுக்கி மூடிவிட்டு, உன்னையே ஜெயித்த மாதிரி டீ குடிக்கப் போனேன்.

மத்தியானம் வாசலில் ஊதாத் தண்ணீர் தெரு வரைக்கும் ஓடியிருந்தது. பக்கத்து வீட்டுக் கோழி ஊதாக் காலோடு நடந்தது. பெட்டிக்குள் பழம் நிறம் வெளுத்து ஊறிக் கிடந்தது. ஒன்றை வாயில் போட்டேன். இறால்.

உருகுகிற ஐஸ் இறாலைக் காப்பாற்றும், உறைந்த பழத்தை உருக்கிவிடும். நீ சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? திரும்ப எதில் போட்டு உறைய வைக்க?

பாத்திரத்தோடு உன் வீட்டு வாசலில் நின்றேன். உன் வீட்டுக்காரி மோந்து பார்த்தது. "இன்னாண்ணே இது, நாவல்பழமா கருவாடா?" என்று சிரித்தது. நீ போன பிறகு அது சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே இருந்தது, பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. நான் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

வெறும் கேக்தான் போட்டது. பழத்தைச் சர்க்கரை போட்டுக் கிண்டி ஒரு கிண்ணத்தில் தனியாகத் தந்தது. நிச்சயத்தன்று யாரும் அதைத் தொடவில்லை. எல்லாரும் போன பிறகு பெண் மட்டும் கிண்ணத்தோடு உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டாள்.

"வாசன வருதாம்மா?"

"வருது நைனா," என்றாள். நிறுத்தவில்லை.

கவரின் இரண்டு துண்டையும் கழுவிக் காயவைத்து, ஒன்றாக மடித்து ஃப்ரீசரிலேயே வைத்திருக்கிறேன். "காலிக் கவருக்கு எதுக்கு நைனா ஃப்ரீசரு?" என்று கேட்கிறாள். கரண்டு போனால் இப்போதும் முதலில் அங்கேதான் கை போகிறது. தொட்டுப் பார்த்துவிட்டு, பிரிக்காமல் மூடிவிடுகிறேன்.