நாளைக் காலை மறுபடி ஏறுகிறேன்

மானாம்பதி
14-9-84

கஸ்தூரிக்கு,

செகண்ட் ஹேண்டில் வாங்கிய குட்டி டிராக்டருக்கு ஆயில் மாற்றி, பிரேக் பார்த்து, சேறடிக்க இரும்புச் சக்கரமும் மாட்டியாயிற்று.

முந்தாநாள் கழனியில் நான்தான் ஓட்டினேன். பின்சக்கரம் சேற்றில் புதைந்து, முன்பக்கம் என் முகத்துக்கு நேராக எழும்பியது. "கிளச்சை மிதிப்பா! இன்னா பாத்துக்கினு கீறே?" என்று மெக்கானிக் பாண்டுரங்கன் கத்தினார். என் கால் அசையவில்லை. அவரே பாய்ந்து வந்து இன்ஜினை நிறுத்தினார்.

ஊராரிடம் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருக்கிறேன். உண்மையில் பயந்துபோய் வண்டிப் பக்கமே போகவில்லை. அங்கே தாய் வீட்டில் உன் அண்ணனிடம் சொல்லிவிடாதே.

நாற்று முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட முடியாது. நாளைக் காலை மறுபடி ஏறுகிறேன். பாண்டுரங்கன் கூடவே நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பிறந்த குழந்தைக்கு நீ எந்தப் பேர் வைத்தாலும் எனக்குச் சம்மதம். நான் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்