அண்ணன் பற்றவைத்த பித்தளைத் தட்டு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். அங்கே உன் இருமல் விட்டு, நீயும் நன்றாகத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போனில்தான் அடிக்கடி பேசுகிறோமே, இவள் எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் பல தடவை வாயெடுத்தேன். நீ இருமுவாய், இல்லையென்றால் அப்பா பக்கத்தில் வந்து நிற்பார், அதுவும் இல்லையென்றால் நானே வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுவேன். எழுத்து என்றால் யாரும் குறுக்கே வர முடியாது பார். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அப்பாவுக்கு முழங்கால் வலி மழையோடு வந்து மழையோடு போகிறது. பஸ் ஓட்டின காலத்துல மிதிச்ச மிதிக்கு இது தேயாம என்ன பண்ணும் என்பார், மருந்து தடவிக்கொள்ளச் சொன்னால் மட்டும் காது கேட்காது. நான் வழக்கம்போல் பல் செட்டு செய்கிற லேபுக்குப் போய் வருகிறேன். கண் கொஞ்சம் மங்கினாலும் கை இன்னும் பேச்சைக் கேட்கிறது. மாடி வீட்டு டீச்சர் பார்க்கும்போதெல்லாம் உன்னைப் பற்றி விசாரிக்கிறாள், அவள் வீட்டுக் குழாய் ஒழுகி நம் சமையலறைச் சுவர் ஊறிப்போனதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டேன் என்கிறாள். அந்தச் சுவரில்தான் இந்தக் கதையே ஆரம்பம். அதற்கு அடுத்த பக்கம் உன் அண்ணன் அறை. அவன் காரியங்கள் எல்லாம் முடிந்து நீ கிளம்பும்போது அந்தக் கதவைச் சாத்திவிட்டு, அண்ணன் வெச்சது வெச்சபடியே இருக்கட்டும்மா, யாரும் எதையும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாய். அப்பாவும் ஆமாம் என்றார். எனக்கும் அப்போது அதுதான் சரி என்று பட்டது. எட்டு மாதம் நான் அந்தக் கைப்பிடியில் கை வைக்கவில்லை. ஆனால் ஈரம் யார் பேச்சைக் கேட்கும். சுவர் பொரிந்து உதிர ஆரம்பித்ததும் உள்ளே என்ன கதியோ என்று பதறிப்போய்த் திறந்துவிட்டேன்.

மேசைமேல் அவன் மூடி வைத்த துணியை எடுத்தேன். குள்ளச்சி இருந்தாள். உனக்கு நினைவிருக்கும், அவனோடு ஒரு தடவை நீயும் அந்தப் பழைய ரயில் கொட்டகைக்குப் போய் நிஜக் குள்ளச்சியைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்டு அவனிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாய். ஒரு ஆள் காலை அகட்டி நின்றால் தண்டவாளம் இரண்டையும் மிதித்துவிடலாம், அவ்வளவு குறுகிய பாதையில் நம் பாட்டன் காலத்தில் குவாரியிலிருந்து கல் இழுத்த நீராவி என்ஜின். அவளை ஓட்டியவர்கள் வைத்த பெயர் அது. அண்ணன் லீவு நாளெல்லாம் அங்கே போய், டேப் வைத்து அளந்து, அடியில் புகுந்து சட்டையைக் கிரீஸாக்கிக்கொண்டு வந்து, அவளைப் பன்னிரண்டில் ஒரு பங்காக, ஒரு முழ நீளத்துக்கு, ஒரு ஆணி விடாமல் திரும்பச் செய்துகொண்டிருந்தான். அலமாரியில் வைக்கிற பொம்மையாக இருக்கக் கூடாது, நிஜமாகவே நீராவியில் ஓட வேண்டும் என்று அவனுக்குப் பிடிவாதம். சட்டம் முடிந்திருந்தது, சக்கரம் பூட்டியாகிவிட்டது, இரண்டு பக்கமும் சிலிண்டர் உட்கார்ந்துவிட்டது. கொதிகலனுக்கு வாங்கிய செம்புக் குழாய் வெட்டாமல் மேசைக்கடியில் கிடந்தது. அதற்குள் காய்ச்சல் என்று படுத்தான். மீதியை நான் எழுத வேண்டாம்.

சக்கரமெல்லாம் துரு, கண்ணே. தொட்டால் விரல் சிவந்தது. வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்று நாம் மூன்று பேரும் சொன்னோம், அது நம்மைக் கேட்காமல் தன்பாட்டுக்கு மக்க ஆரம்பித்துவிட்டது. எண்ணெய் போட்டுத் துடைத்தேன். துடைத்த கை சும்மா இருக்குமா, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. வழுக்கிக்கொண்டு போய் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டது. தள்ளினால் விடும், அடுத்த சுற்றில் மறுபடி அதே இடம். தூசியாக இருக்கும் என்று மறுநாளும் துடைத்தேன், மாட்டியது. பல் செட்டில் எங்கே இடிக்கிறது என்று பார்க்க, கடிக்கச் சொல்லி நடுவில் மை தடவிய ஒரு நீலத்தாள் வைப்போமே, லேபிலிருந்து அதில் ஒரு துண்டு கொண்டுவந்தேன். பிஸ்டன் தண்டு போய் வருகிற தடத்தில் வைத்துச் சுற்றினேன். நீலம் ஒரே ஓரத்தில் அப்பிக்கொண்டது. தண்டு வளையவில்லை, சிலிண்டரைத் தாங்குகிற பித்தளைத் தட்டையே அண்ணன் சட்டத்தோடு கொஞ்சம் கோணலாகப் பற்றவைத்துவிட்டான். கொஞ்சம் என்றால் ஒரு மயிரிழை. அந்த மயிரிழை இருக்கிற வரைக்கும் குள்ளச்சி ஓட மாட்டாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். சோற்றில் வைத்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது. என் புள்ள செஞ்சது தப்புங்கிறியா என்றார். தப்புன்னு சொல்லலைங்க, கோணல்னு சொல்றேன் என்றேன். அந்த ரூமுக்குள்ள உன்னை யாரு போகச் சொன்னது என்றார். ஒட்டியிருக்கிற உலோகப் பற்றை உருக்கித்தான் அந்தத் தட்டை எடுக்க முடியும், எடுத்து நேராக வைத்தால் ஓடிவிடும் என்று நான் விளக்கப் போனேன். அவன் கை பட்டதுல மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான், அதையும் உருக்கிட்டு எதை வெச்சுக்கப் போற என்று கேட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்ததே. அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு மேல் நம் வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது. நடுவில் மொட்டை வந்தான், அண்ணனுக்கு அந்தச் சக்கரங்களைக் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, என்கிட்ட குடுங்கம்மா, சாயங்காலத்துக்குள்ள பிரிச்சு ஒட்டிக் கொண்டாந்துடறேன் என்றான். நல்ல பிள்ளை, நல்ல மனசோடுதான் சொன்னான். நான் வேண்டாம்ப்பா என்றேன். காரணம் சொல்லத் தெரியவில்லை. பிரிப்பது என்று ஆனால் வீட்டு ஆள் கைதான் பிரிக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேபிலிருந்து கேஸ் டார்ச்சைக் கேட்டு வாங்கி வந்து அறையில் வைத்தேன். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஒளிக்கவும் இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பற்றெல்லாம் இளகிவிடாமல் ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தபோது கதவருகே அவர் நின்றார். சூடு பண்றப்ப சட்டம் ஆடிச்சுன்னா இன்னும் கோணிக்கும், யாராச்சும் பிடிக்கணும்ல என்றார். இடுக்கியை அவரிடம் கொடுத்தேன். எத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, ஆடவில்லை. நான் சுடரை வைத்தேன். பற்று முதலில் மங்கி, அப்புறம் பளபளவென்று இளகி ஓடியது, தட்டு லேசாக அசைந்து கையோடு வந்துவிட்டது. அந்த நிமிஷம் ஏன்தான் எடுத்தேனோ என்று இருந்தது, இனி இதைத் திரும்ப ஒட்டினால் அது நான் ஒட்டியதுதானே என்று. உன்னிடம் அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

சூடு ஆறியதும் அவர்தான் சட்டத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். என் கண்ணாடியை எடு என்றார். போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். தட்டு மூடியிருந்த இடத்தில், அதற்கும் முந்திய பற்றை அரத்தால் ராவி எடுத்த தடம் இருந்தது. தட்டு உட்கார வேண்டிய இடத்துக்கு ஊசியால் கீறிய ஒரு கோடு, அதன்மேல் குறுக்கே அடித்துவிட்டுப் பக்கத்தில் இன்னொரு கோடு, அதையும் அடித்திருந்தான். இவன் ஏற்கெனவே கழட்டி மாட்டியிருக்கான்டி, ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை என்றார் அப்பா. அவனுக்கும் தெரிஞ்சிருக்கு, நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாரு என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போனதிலிருந்து அவன் எங்களுக்கு ஒரு குறையும் இல்லாத பிள்ளையாகிவிட்டான், வருகிறவர்களும் தங்கமான பிள்ளை தங்கமான பிள்ளை என்று சொல்லிச் சொல்லி, சுவரில் மாட்டிய படமாகவே ஆக்கிவிட்டார்கள். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் நான் பெற்றவன் திரும்ப வந்த மாதிரி இருந்தது. ஒரு திருகாணி கீழே விழுந்தால் தரையில் தவழ்ந்து தேடிக்கொண்டே அந்தத் திருகாணியின் பரம்பரையையே திட்டுவானே, கேட்டுக்கொண்டு நீ சிரித்தால் உனக்கும் சேர்த்துக் கிடைக்குமே, அந்தப் பயல். கோடு போட்டு, சரிவராமல், பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்திருக்கிறான். இன்னும் நாள் கிடைத்திருந்தால் மூன்றாவது தடவையும் பிரித்திருப்பான் என்று நான் சொன்னேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சரி, மூணாவது கோட்டை நீ போடு என்றார்.

போட்டேன். நீலத்தாள் வைத்து, தள்ளி, மறுபடி வைத்து, மூன்று வாரம் லேப் விட்டு வந்த நேரமெல்லாம் அதற்கே போனது. அப்பா எதிரே உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கம், போதும், இல்ல இல்ல கொஞ்சம் ரிவர்ஸ் என்று, பஸ்ஸை ஷெட்டில் விடுகிற மாதிரி எனக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். பற்றவைத்து முடித்த பிறகு மொட்டை தன் பட்டறையிலிருந்து காற்றடிக்கிற மெஷினைத் தூக்கி வந்தான். கொதிகலன் இல்லாததால் நீராவிக்குப் பதில் காற்றை விட்டுப் பார்க்கலாம் என்றான். குழாயைச் சொருகித் திறந்ததும் ஒரு இருமல் இருமினாள், நின்றாள், அப்புறம் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது பார், எங்கேயும் மாட்டாமல். ஆனால் பின்பக்கமாக. மேசையில் பின்னாலேயே போய் மொட்டையின் வயிற்றில் முட்டி நின்றாள். திசை மாற்றுகிற நெம்புகோலை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அப்பா அவனைப் பார்த்து, என் பஸ்ஸா இருந்திருந்தா இந்நேரம் உனக்கு மாலை போட்டிருப்பாங்கடா என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒன்பது மாதத்துக்கு அப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் நடுவில் அழ ஆரம்பித்துவிட்டார், மொட்டை முன்னாலேயே, மறைத்துக்கொள்ளக்கூட இல்லை. ஆஸ்பத்திரியிலும் அழாத மனுஷன். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மொட்டை மெஷினை நிறுத்தப் போனான், நிறுத்தாதடா, ஓடட்டும் என்றார்.

இதுதான் நடந்தது. நீ சொல்லிவிட்டுப் போனதை மீறித்தான் செய்தோம். உனக்கு வருத்தமாக இருந்தால் அதை அடக்கிக்கொண்டு பரவாயில்லைம்மா என்று சொல்லாதே, வருத்தம் என்றே சொல், நான் கேட்டுக்கொள்கிறேன். அவன் புத்தகம், சட்டை, செருப்பு எதையும் நான் நகர்த்தவில்லை. அதையெல்லாம் நீ வரும்போது நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். செம்புக் குழாயை வெட்டுவதா வேண்டாமா என்று அப்பாவும் மொட்டையும் தினம் சண்டை போடுகிறார்கள். கொதிகலன் விளையாட்டு இல்லை, வெடித்தால் வீடு போகும், தெரிந்தவர் மேற்பார்வை இல்லாமல் நெருப்பு வைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அதனால் நீ பயப்படாதே. அப்பா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு கொட்டகைக்கே கிளம்பிவிடுகிறார், அளவு சரிபார்க்க என்று பெயர். அங்கே இருக்கிற காவலாளி அண்ணனைப் பற்றி ஏதேதோ சொல்வார் போலிருக்கிறது, கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெந்நீர் குடி, ராத்திரி வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. எந்த ஊரில் இருந்தாலும் நல்ல மனிதர்கள் உன் பக்கத்தில் இருக்கட்டும், உன் கை எடுத்த காரியம் கூடி வரட்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்று மறக்காதே. போனில் நாம் மூன்று பேரும் மழையைப் பற்றியும் இருமலைப் பற்றியும் பேசிப் பேசியே வைத்துவிடுகிறோம், அவன் பேரை யார் முதலில் எடுப்பது என்று பயந்துகொண்டு. அடுத்த தடவை அப்பா போனை எடுத்தால், அண்ணன் என்ஜின் என்னப்பா ஆச்சு என்று நீயே கேள். அவர் பேசுவார். நிறையப் பேசுவார், நடுவில் குரல் கம்மினாலும் நீ போனை வைத்துவிடாதே.

உன்னையும் அவனையும் பெற்றவள்,
அம்மா