நீ முதலிடம் கொடுத்த எபிசோடு

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்திலிருந்து அந்தக் குடும்ப காமெடித் தொடரின் டைட்டில் பாட்டு கேட்டது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என் கை தானாகப் போய்த் தீயைக் குறைத்துவிட்டது. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு நாம் இரண்டு பேரும் ஓடிய பாட்டு அல்லவா அது! உன் மகள் வினோதினிதான் போனில் பழைய எபிசோடுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு லீவு நாளில்தான் கருங்குழிக்கு வருகிறாள். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கரண்டியைக் கையில் பிடித்தபடி நான் அடுப்பருகிலேயே நின்றுவிட்டேன்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் நாம். வந்த புதிதில் உன்னை "நீங்க, வாங்க" என்றுதான் கூப்பிட்டேன். "இன்னாடி நீங்க வாங்கன்னுகினு? நான் இன்னா உனக்கு டீச்சரா?" என்று நீ ஒரு அதட்டு அதட்டிய பிறகு "நீ" வந்தது. வாரம் முழுக்க வேலை. ஞாயிறு பதினோரு மணிக்கு வரும் அந்த அரைமணி நேரம் மட்டும்தான் நமக்கே நமக்கு. தொடரிலும் ஒரு மாமனார், இரண்டு மருமகள்கள், ஒரே சமையலறை. "எவனோ நம்ம வூட்ட எட்டிப் பாத்து எழுதிகினு கீறான்டி" என்பாய்.

பார்த்துவிட்டுச் சும்மா இருந்தோமா? ரேங்க் போட்டோம். கடைகளில் பில் குத்தி வைக்கும் கம்பி ஒன்றை நீ எங்கிருந்தோ தூக்கிவந்து சமையலறை ஆணியில் மாட்டினாய். தினசரி காலண்டரில் கிழிக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தாளின் பின்பக்கத்தில் எபிசோடின் கதையை ஒரு வரி எழுதிக் கம்பியில் குத்துவோம். எது மேலே இருக்கிறதோ அது முதல் ரேங்க். ஒரு தாளை இடம் மாற்ற வேண்டுமானால் அதற்கு மேலே உள்ள அத்தனையையும் கழற்ற வேண்டும். அதற்குள் எத்தனை சண்டை! சிங்கப்பூர் தேனிலவு எபிசோடை நான் மூன்றாவதாக வைக்கச் சொன்னேன். நீ கடைசிக்குத் தள்ளிவிட்டாய். "முட்டுக்காடு போட் ஹவுஸ காட்டிட்டு சிங்கப்பூருன்றான். யார் காதுல பூ சுத்துறான்? நான் எங்க வூட்டுக்காரரோட அதே போட்ல போய் வாந்தி எடுத்தவடி!" என்றாய்.

சீசன் பாதியில் உனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி. வினோதினி காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு உனக்குத் துணையாக அங்கே இருந்தாள். வீடு என் தலையில் விழுந்தது. அதுவரை அடுப்பு உன் பொறுப்பு, நறுக்குவதும் கழுவுவதும்தான் என் பொறுப்பு. உன் சமையலறையில் எந்த டப்பாவிலும் மேலே எழுதியிருப்பது உள்ளே இருக்காது. காபித்தூள் டப்பாவில் கடுகு, சர்க்கரை டப்பாவில் உப்பு. எல்லாம் உன் மனக்கணக்கு. நம் மாமனாருக்கு முதல் நாளே உப்புப் போட்ட காபியைக் கொடுத்துவிட்டேன். பாவம் மனுஷன், முழுசாகக் குடித்துவிட்டு, "இன்னிக்கு காபி கொஞ்சம் ஸ்ட்ராங்கா கீதும்மா" என்றார்.

சனிக்கிழமை உனக்கு லேசான காய்ச்சல். இன்னும் நாலு நாள் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். நீ கேட்டால்தானே? "அங்க அவ ஒண்டியா கெடந்து சாவுறா. என்னை வூட்டுக்கு அனுப்பிடுங்க, நான் போய் ஒரு ஓரமா உக்காந்துகினாவது காய் நறுக்கித் தருவேன்" என்று அவரிடமே மல்லுக்கு நின்றாய். நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "நாளைக்கு எபிசோட பாத்துட்டு வந்து சொல்லு. பாக்க நேரம் கெடச்சிதுன்னா நீ சமாளிக்கிறன்னு நம்புறேன். இல்லாட்டி நான் வந்துடுவேன்" என்றாய்.

மறுநாள் பதினோரு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தேன். டைட்டில் பாட்டு வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது வேறேதோ சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கையில் உரித்த வெங்காயம் அப்படியே இருந்தது. அசதி, அக்கா. அடித்துப் போட்ட மாதிரி தூங்கியிருக்கிறேன்.

தூங்கிவிட்டேன் என்று சொன்னால் நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய். ரசம் சாதத்தைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். வார்டில் நுழைந்ததும் நீ கேட்டாய்.

"இன்னாடி, பாத்தியா?"

"பாக்காம? காலை நீட்டிகினு ஜம்முனு பாத்தேன்."

பிறகு அவிழ்த்துவிட்டேன் கதையை. பெரிய மருமகள் ஊருக்குப் போய்விட்டாளாம், சின்னவளுக்கு ஒரு டப்பாவும் பிடிபடவில்லையாம். மாமனார் உப்புக் காபியைக் குடித்துவிட்டு ஸ்ட்ராங் என்றாராம். கடுகைக் காபித்தூள் என்று வெந்நீரில் கொட்டி அது வடியவே மாட்டேன் என்றதாம். நம் வீட்டில் அந்த வாரம் நடந்ததையெல்லாம் டிவியில் வந்ததாகச் சொன்னேன். மாமனாராக இருமினேன், சின்னவளாக முழித்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ நிறுத்துடி, தையல் பிரிஞ்சிடும்டி பாவி!" என்று கத்தினாய். வினோதினி உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்துப் படுக்கை அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா கேளும்மா" என்று அவரை அடக்கினாய். கதையில் குறுக்கே பேசுகிறாரே என்ற கோபம் என்றுதான் நான் நினைத்தேன்.

நாலு நாளும் இருந்துவிட்டுத்தான் வந்தாய். வந்ததும் காலண்டர் தாளைக் கேட்டு வாங்கி, "சின்னவள் காபி போட்டது" என்று எழுதி உச்சியில் குத்தினாய். "இதுதான் முதல் ரேங்க். இத எவனும் அடிச்சிக்க முடியாது" என்றாய். மறுநாள் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லா டப்பாவிலும் புதுப் பேப்பர் ஒட்டினாய். "இன்னாக்கா திடீர்னு?" என்று கேட்டேன். "சும்மாதான், பொழுது போவணுமே" என்றாய்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தாய். எத்தனை முறை உண்மையைச் சொல்ல நினைத்தேன் தெரியுமா? நீ யாரிடமாவது அந்த எபிசோடைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது. கூட இருந்தவளை இப்படி ஏமாற்றினோமே என்று மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு காலையில் நெஞ்சு வலி என்றாய். மதுராந்தகம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போன ஞாயிறு நான் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். "சித்தி, நீங்க அன்னிக்கு ஆஸ்பத்திரில சொன்ன கதை எந்த எபிசோடுலயுமே இல்ல தெரியுமா?" என்றாள் வினோதினி. உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும் சித்தி. நீங்க வர்றதுக்கு முன்னாடியே பக்கத்து பெட் ஆன்ட்டி போன்ல நாங்க மூணு பேரும் முழு எபிசோடும் பாத்துட்டோம்."

"அப்புறம் ஏன்டி ஒண்ணும் சொல்லல?"

"நீங்க பஸ்ஸுக்குக் கெளம்பினப்புறம் அம்மா அழுதாங்க. 'தூங்கிட்டு வந்திருக்குது, பாவம். கண்ணு எப்டி செவந்து கெடக்குது பாத்தியா? எனக்காக இவ்ளோ சொல்லிட்டுப் போறா. நாலு நாள் நான் இங்கயே இருக்கறேன். இல்லாட்டி அவ பட்ட பாடு வீணாப் பூடும்'னாங்க."

எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். ஒரே ஒரு சந்தேகம் வந்தது: அந்தச் சிரிப்பும் எனக்காக நடித்ததுதானோ? இல்லை அக்கா. பச்சைத் தையலோடு யாரும் அப்படிச் சிரித்து நடிக்க முடியாது. அந்தச் சிரிப்பு எனக்குத்தான். அதை வைத்துக்கொண்டுதான் இப்போது இந்த வீட்டில் ஒண்டியாகச் சமைக்கிறேன்.

உனக்குத் தெரியும் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் என் வாயால் ஒரு முறை சொல்ல வேண்டும். அக்கா, நான் அன்றைக்குத் தூங்கிவிட்டேன்.