நெற்றி சொன்ன சாட்சி

வோலோஸ்,
3 மார்ச் 2006

அன்புள்ள எவாந்தியாவுக்கு,

நலம். கவாலாவில் நீயும் உன் அக்காவும் நலந்தானே? நம் மகள் மிர்தோவின் கல்யாணம் செப்டம்பரில் என்று அவளே எழுதியிருப்பாள். நிச்சயதார்த்தத்தில் நடந்ததை எழுதியிருக்க மாட்டாள். கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்ல எழுந்தேன். வழக்கம்போல முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. மாப்பிள்ளையின் மாமா என் காதுபடவே, “பொண்ணோட அப்பா ஏற்கெனவே ஏத்திக்கிட்டு வந்துட்டாரு போல” என்றார். நான் ஒரு சொட்டுகூடத் தொட்டிருக்கவில்லை. மிர்தோ தலைகுனிந்தபடி கைக்குட்டையை நீட்டினாள்.

டாக்டரிடம் போனேன். தடவும் மருந்து கண்ணை எரித்தது. மாத்திரையில் வேர்வை குறைந்தது. ஆனால் வாய் வறண்டு, வேலையில் கவுண்டரில் கப்பல் டிக்கெட் கொடுக்கும்போது ஊர்ப்பெயரே நாக்கில் ஒட்டிக்கொண்டது. நெற்றியில் ஊசி போட்டார்கள், ஒரு புருவம் இறங்கிவிட்டது. இனி மிச்சமிருப்பது ஆபரேஷன்தான். நெஞ்சுக்குள் ஒரு நரம்பை வெட்டுவார்களாம். முகம் காயும், வேர்வை முதுகுக்குப் போகலாம், பிறகு பழையபடி ஆக்க முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். நீ என்ன சொல்கிறாய்?

ஸ்தமாதிஸ்

கவாலா,
6 ஜூன் 2006

அன்புள்ள ஸ்தமாதிஸ்,

தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்கள் கடிதத்தை இங்குள்ள டாக்டரிடம் காட்டினேன். சிலருக்கு உடம்பின் வாகே இப்படித்தான், குற்றம் செய்யாதவனுக்கும் கொட்டும் என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் எதிர்வீட்டுக் கலிரோயியோடு உங்களுக்கு என்ன தொடுப்பு, அவள் வீட்டுக்கு ஏன் போனீர்கள் என்று கேட்டேன். குழாய் சரிசெய்யத்தான் போனேன் என்றீர்கள். உங்கள் முகம் வேர்த்து ஊற்றியது. அதைப் பார்த்து, பொய் என்று நினைத்துத்தான் பெட்டியைக் கட்டினேன்.

ஆபரேஷன் வேண்டாம். வேர்த்தால் வேர்க்கட்டும், கல்யாணத்தில் நான் பக்கத்தில் நிற்கிறேன். அப்புறம் வீட்டுக்கு வந்துவிடட்டுமா?

உங்கள் எவாந்தியா

வோலோஸ்,
2 அக்டோபர் 2006

எவாந்தியாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது ஆபரேஷன் முடிந்து தையல்கூடப் பிரித்தாகிவிட்டது. வரட்டுமா என்று நீ கேட்டதற்குக் கல்யாணத்தில் நேரில் பதில் சொல்ல வாய் வரவில்லை.

கல்யாணப் படங்கள் வந்துவிட்டன. என் முகம் காய்ந்திருக்கிறது. நாளுக்கு நாலு சட்டை மாற்றுகிறேன். ஆடும்போது என் முதுகில் வைத்த கை நனைந்தும் நீ எடுக்கவில்லை, கவனித்தேன்.

ஆனால் நீ வரவேண்டாம். கோபமில்லை. அன்றைக்கு, “நான் பொய் சொல்லலை எவாந்தியா, சின்ன வயசுலேருந்தே எனக்கு இப்படித்தான்” என்று எத்தனை தடவை சொன்னேன். டாக்டர் சொன்னதும் நம்பினாய். அவர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால்? இதை நினைக்காமல் உன்னோடு ஒரே மேசையில் உட்கார என்னால் ஆகாது.

உன் கம்பளிக் கோட்டு இத்தனை வருஷமும் அலமாரியில்தான் இருக்கிறது. அங்கே குளிர் சீக்கிரம் வந்துவிடும். நாளைக்குப் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

ஸ்தமாதிஸ்